அப்பாவுக்காக நின்ற சுவாமி

இங்கிலாந்தில், லெஸ்டரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில், போன மாதம் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கார அம்மாளின் கணவர் இறந்துபோனார். மாடியில் என் அறைக்கென்று தனியாக ஒரு காஸ் அடுப்பு உண்டு. சுவரிலுள்ள மீட்டரில் காசு போட்டால்தான் எரியும். செய்தி கேட்டதும் அதை அணைத்துவிட்டேன். பிணத்தை எடுக்கும்வரை அக்கம்பக்கத்தில்கூட அடுப்பு மூட்டாத தெருவில் வளர்ந்தவன் நான். ஞாயிறு முழுவதும் ரொட்டியும் தண்ணீரும். திங்கள் மாலை அந்த அம்மாளே கதவைத் தட்டினார். கையில் ஒரு கிண்ணம் சூப். "மீட்டருக்குச் சில்லறை இல்லையா? கேட்டிருக்கலாமே" என்று சொல்லி, மேசைமேல் இரண்டு நாணயங்களையும் வைத்தார். துக்க வீட்டுக்காரி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து நிற்கிறாள். எனக்கு உடம்பு கூசியது. "எப்போது எடுக்கப்போகிறீர்கள்?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கணவரைச் சனிக்கிழமையே வண்டி வந்து கொண்டுபோய்விட்டதாம். எங்கோ குளிரறையில் இருக்கிறாராம். அடக்கம் அடுத்த வாரம் வியாழக்கிழமை. ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் வர வேண்டும். "அவள் வராமல் எப்படி?" என்றார், பால் வராமல் தேநீர் எப்படி என்பதுபோல.

இதே கேள்வியை, எழுபத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரிய காஞ்சிபுரத்தில் என் அம்மா கேட்டாள்.

என் அப்பா ஏழுமலை நெசவாளர் இல்லை. நெசவாளர் வீடுகளுக்குப் போய், தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளான பாவைப் பிணைப்பவர். ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியில் மிஞ்சி நிற்கும் பழைய இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தலை நிமிராமல், ஒரு வீட்டில் இரண்டு நாள் மூன்று நாள் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வீடு திரும்பியதும் அந்த வீட்டுச் செய்தியெல்லாம் அம்மாவுக்கு வந்துவிடும்.

"ஏம்மே, அஞ்சாம் வூட்டுல மாமியாரும் மருமவளும் ஒண்ணா குந்திக்கினு கத்திரிக்கா அரியறாங்க. எவனோ சொத்த எழுதி வச்சிட்டு செத்திருக்கான்போல."

"உங்களுக்கு இழைமேல கண்ணா, அவங்க வூட்டு அடுப்புமேல கண்ணா?"

"கை இழைல. காது அடுப்புல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் நாளெல்லாம் காதைத் திறந்து வைத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். வேறு எதையும் அவர் அவளுக்கு வாங்கிக் கொடுத்ததாக என் நோட்டுப் புத்தகங்களில் குறிப்பு இல்லை. பதினான்கு வயதிலிருந்து தினமும் குறிப்பு எழுதுகிறவன் நான்.

அவற்றில் அறுபத்தாறாம் வருஷத்துக் குறிப்பு ஒன்று. உற்சவ நாள். சுவாமி எங்கள் தெரு வழியாக வர இருந்த காலையில் எதிர்வீட்டுக் கிழவர் இறந்தார். தெருவில் பிணம் கிடந்தால் சுவாமி உள்ளே வராது. அப்பாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துத் தூக்கிவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து மகள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது வாசல் கழுவிக் கோலமும் போட்டாகிவிட்டது. அவள் என் அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அப்பா எதிர்க்காமல் நின்றார். "சாமி வர்ற வழிம்மா, இன்னா பண்றது?" என்று மட்டும் சொன்னார். உள்ளே வந்ததும் அம்மா அவரிடம் சொன்னாள்: "உங்களுக்கு இப்டி ஆச்சின்னா நான் வுடமாட்டேன். எம்புள்ள வந்து பாக்கணும்." அப்பா சிரித்தார். "நான் நல்ல நாள் பாத்து சாவறேம்மே."

அவர் நல்ல நாள் பார்க்கவில்லை. எழுபத்திரண்டில், உற்சவம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் போனார். அன்று சுவாமிக்கு வேறு தெருக்கள். மறுநாள் காலைதான் எங்கள் தெரு. லெஸ்டரில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தந்தி வந்தது. போகும் வழியில் தபாலாபீசில் ஏறி, "புறப்படுகிறேன்" என்று பதில் தந்தி கொடுத்தேன். டிக்கெட் வாங்கவில்லை. லீவு கேட்கவில்லை. அந்தச் சொல்தான் முதலில் கைக்கு வந்தது.

தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "அடக்கம் எப்போது?" என்றார். இன்று, அல்லது நாளைக் காலை என்றேன். "அப்படியென்றால் நீ போய்ச் சேர முடியாதே" என்றார். லீவு இல்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அவரே, "ஏன் நீ போகவில்லை? ஒரு வாரம் தந்திருப்பேனே" என்று கேட்டார். அதுவல்ல நான் சொல்ல வந்தது. அவர் முடியாது என்றபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. வேலையில் சேர்ந்து மூன்று மாதம். கழுவிய வாசலில் போய் இறங்கப் பயம். எங்கள் தெரு யாருக்காகவும் காத்திருக்காது என்று எனக்குத் தெரியும். என் நோட்டிலேயே இருக்கிறது. ஆகவே, வரவில்லை என்று இன்னொரு தந்தி கொடுக்கவில்லை.

தெரு காத்திருந்தது. ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் மாமா சொன்னார்.

"உங்கம்மா தந்திய கைல வச்சிக்கினு வாசப்படில குந்திக்கிச்சிபா. 'எம்புள்ள கெளம்பிட்டான், அவன் வராம எப்டி எடுப்பீங்க'ன்னு ஒரே பேச்சு. ஐஸ் வாங்கியாந்து வச்சோம். செவ்வாக்கெழம காலைல பத்து மணிக்கு சாமி தெருமொனைக்கு வந்து நின்னுட்சி. பெரியவங்க எகிறனாங்க. நான் கேட்டேன், 'அவரு கை படாத தறி இந்த தெருவுல எதுனா இருந்தா சொல்லு, இப்பவே தூக்கறேன்.' ஒருத்தனும் வாய தொறக்கல. நாலு மணி வரிக்கும் சாமி வெயில்ல நின்னுதுபா. தூக்கறவங்க கீழ குந்திக்கினு மோர் குடிச்சாங்க. அப்புறம் உங்கம்மாவே எழுந்து, 'போதும், எடுத்துடுங்க'ன்னுட்சி."

சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

என் நோட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடினேன். இரண்டு ஊருக்கும் நான்கரை மணி வித்தியாசம். சுவாமி வந்து நின்றபோது லெஸ்டரில் விடியற்காலை ஐந்தரை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்துகொண்டபோது பதினொன்றரை. நூல் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்றைய குறிப்பு முழுவதும் இவ்வளவுதான்: "மழை. பஸ் ஏழு நிமிடம் தாமதம்."

தெருவில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "பிளேனு லேட்டு ஆயிட்சாமேபா?" என்று வீட்டுக்கு வீடு காப்பி கொடுத்தார்கள். அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். ஒரு பிற்பகலில், கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ எங்க வரிக்கும் வந்தப்பா?"

கிளம்பினாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

"பம்பாய் வரைக்கும்மா" என்றேன். "அங்கே மெட்ராஸ் பிளேனு கெடைக்கல."

"சாப்டியா?"

"சாப்ட்டேம்மா."

இங்கே, வியாழக்கிழமை அடக்கத்துக்கு முன்தினம், வீட்டுக்கார அம்மாளின் மகள் வந்து சேர்ந்தாள். தகப்பனார் பன்னிரண்டு நாள் அவளுக்காகப் பொறுமையாகக் குளிரில் கிடந்தார். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, எந்தச் சாமியும் வெயிலில் நிற்கவில்லை. மகள் என் கையைக் குலுக்கி, உங்கள் அப்பா இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். "கடைசியில் கூட இருந்தீர்களா?" என்றாள். தலையை எப்படி அசைத்தேன் என்று தெரியவில்லை. "அது பெரிய ஆறுதல்" என்றாள்.

அதே வாரம் என் தங்கையிடமிருந்து கடிதம். கன்னியப்பன் மாமா விற்பதற்குப் புடவை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போனாராம். அம்மா அவரிடம், "அந்த ஏர்போர்ட்டுல குந்தறதுக்கு எடம் இருக்குதா, சோறு கெடைக்குதா பாத்துக்கினு வாப்பா, எம்புள்ள ஒரு நாள் பூரா அங்க இருந்தான்" என்று சொல்லி அனுப்பினாளாம். அவர் மெனக்கெட்டு விமான நிலையம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல நாற்காலியா போட்டிருக்குதுக்கா, இட்லிகூட விக்கறான்" என்றாராம். அம்மாவுக்கு மனம் ஆறிவிட்டதாம்.

நான் லெஸ்டரில் இருக்கிறேன். காஞ்சிபுரத்தில் இல்லை. அம்மாவின் மகன் பம்பாயில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மெட்ராஸ் விமானத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான்.