கைப்பம்பின் தண்டு

அந்தக் கைப்பம்பின் தண்டை முதன்முதலாகத் தொட்டபோது, ஒரு மரம் இவ்வளவு வழுவழுப்பாக இருக்குமா என்று வியந்தேன். யார் யாருடைய உள்ளங்கைகளோ தேய்த்துத் தேய்த்து வந்த வழுவழுப்பு. வெக்ஸ்போர்டில் பழைய தீயணைப்பு வண்டிகளைச் சேர்த்து வைத்திருக்கும் முதலாளியின் கொட்டகையில் துடைக்கிற வேலைக்கு நான் சேர்ந்த நாள் அது. வாசலில் தோல் வாளிகள். அடுத்து இரு பக்கமும் ஆட்கள் நின்று ஏற்றி இறக்கும் நீளத் தண்டுகளோடு கைப்பம்பு, அதற்கப்பால் பித்தளைக் கொதிகலனோடு நீராவிப் பம்பு, கடைசியில் மோட்டார் வண்டி. முதலாளி வருகிறவர்களை இந்த ஒழுங்கில்தான் கூட்டிப் போவார். வாளி கைமாற்றியவர்களைக் கைப்பம்பு வீட்டுக்கு அனுப்பியது, பம்படித்தவர்களை நீராவி அனுப்பியது, நீராவிப் பம்பை இழுத்த குதிரைகளை மோட்டார் அனுப்பியது என்பார். ஒவ்வொரு முறை 'அனுப்பியது' என்னும்போதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்.

என்னோடு வேலை செய்தவரை எல்லோரும் மன்னார் அண்ணை என்போம். பாரம் தூக்குவதும் வண்டிகளை நகர்த்துவதும் அவர் வேலை. அவர் நெஞ்சில் ஒப்பரேஷன் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பியிருந்த அந்தக் கோடையில் முதலாளி ஒரு விருந்து வைத்தார். விருந்தினர் பார்க்க, கைப்பம்புக்கும் நீராவிப் பம்புக்கும் போட்டி. வேலையாட்கள் நாங்கள் தண்டடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் களைக்கக் களைக்க ஆள் மாற்றுவார்களாம். எங்களுக்கு மாற்ற ஆளில்லை.

அண்ணை முதலாளியிடம் போய் மெல்லச் சொன்னார்: "நெஞ்சு வெட்டின ஆள் நான். இண்டைக்கு என்னை விடுங்கோ."

முதலாளி விருந்தினர் பக்கம் திரும்பினார். "பாருங்கோ, நீராவி வந்தாப்பிறகு ஆம்பிளையளின்ரை கதி இதுதான்." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அண்ணையிடம், "நீர் சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லும். மற்றவை அடிப்பினம்" என்றார்.

அந்தத் தண்டைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஏறி இறங்கும்போது பிடித்தவனையும் சேர்த்து ஏற்றி இறக்கும். கொஞ்ச நேரத்திலேயே அண்ணையின் உதடு வெளுத்தது. பிடி நழுவியது. திரும்பப் பிடிக்கக் கையை நீட்டினார். மேலே போன தண்டு எங்கள் எல்லோருடைய பலத்தோடும் இறங்கி, அவர் மணிக்கட்டைப் பம்பின் விளிம்போடு வைத்து நசுக்கியது. எலும்பின் சத்தம் எனக்குக் கேட்டது. எங்கள் தண்ணீர் தளர்ந்து புல்லில் விழ, நீராவிப் பம்பின் தண்ணீர் கூரைக்கு மேலே பாய்ந்தது. விருந்தினர் கைதட்டினார்கள். முதலாளி தரையில் கிடந்த அண்ணையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவரும் தட்டினார்.

கை வளைந்தபடியே பொருந்தியது. அவராகத்தான் கையைக் கொண்டுபோய் வைத்தவர் என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். பாரம் தூக்க முடியாதவருக்கு இங்கே என்ன வேலை என்று நிறுத்திவிட்டார். அடுத்த கோடைக்குள் கைப்பம்பின் அடியில் ஒரு சின்ன மின்மோட்டார் பூட்டப்பட்டது. பொத்தானை அழுத்தினால் தண்டுகள் தானாக ஆடும்.

வருடங்கள் போய்விட்டன. நான் இன்னும் அங்கேதான் துடைக்கிறேன். இந்த வசந்தத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு அண்ணையும் வந்திருந்தார். முதலாளி பொத்தானை அழுத்தினார். "இந்தத் தண்டிலைதான் ஒருத்தன்ரை கை நசிஞ்சது. அவன் கத்தினது தெரு முழுக்கக் கேட்டதாம்." பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அண்ணை அன்றைக்குக் கத்தவேயில்லை.

"எந்தக் காலத்திலை?" என்று பின்னாலிருந்து அண்ணை கேட்டார்.

முதலாளிக்கு ஆளைத் தெரிந்தது. கையையும் பார்த்தார். "குதிரை ஓடின காலத்திலை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை அடுத்த பம்புக்குக் கூட்டிப் போனார்.

எனக்கு வீடு விட்பியில். போகிற வழியென்பதால் இருவரையும் அஜக்ஸில் இறக்கிவிடக் காரில் ஏற்றினேன். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. பேத்தி பிறந்ததிலிருந்து அண்ணையின் வளைந்த கையை அப்படியேதான் பார்த்திருக்கிறாள். அது ஏன் அப்படி என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"அம்மப்பா, அந்தக் கை நசிஞ்ச ஆள் செத்துட்டாரா?" என்று பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "ஓம் பிள்ளை. அவன் எப்பவோ செத்துப்போனான்."