ஜப்திக்கு முந்தின சாயங்காலம்

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கிற செருப்பைத்தான் முதலில் பார்ப்பேன். ஆம்பளைச் செருப்பு கிடந்து, "அவுக ஊர்ல இல்லையே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தால், ஆள் கொல்லைப்பக்கம் நிற்கிறார் என்று அர்த்தம். கோர்ட்டில் அமீனாவாக வேலை பார்த்தவனுக்கு இந்தப் புத்தி பென்ஷன் வாங்கினாலும் போகாது. தீர்ப்பான கடனைக் கட்டாதவர் வீட்டுக்கு வாரண்டோடு போய்ப் பொருளை ஜப்தி பண்ணிக் கொண்டுவருகிற வேலை. மாற்றலுக்கு மேல் மாற்றலாகி, கூடலூரிலிருந்து மயிலாடும்பாறை வரைக்கும் நான் மிதிக்காத வாசல் குறைவு.

ஒருத்தரும் என்னை மனசார வாங்க என்று கூப்பிட்டதில்லை. ஆனால் நாற்காலி போட்டுக் காப்பி கொடுப்பார்கள். அது மரியாதைக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால், "பொண்ணு பாக்க வந்திருக்காக" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா, அதற்கு. வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடாக இருந்தால் போதும், நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஆகிவிடுவேன். அந்தக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் பீரோவைத் தூக்கியிருக்கிறேன்.

பொய் கேட்டுக் கேட்டுக் காதே புளித்துவிட்டது. பீரோ தங்கச்சி சீதனம் என்பார்கள். டி.வி. மச்சான் கொடுத்து வைத்தது என்பார்கள். கிரைண்டர் வாடகைக்கு எடுத்தது என்பார்கள். நாலைந்து வருஷத்தில் நான் யாரையுமே நம்பாதவனாகிவிட்டேன். காய்கறிக்காரர் தராசைக்கூட ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். "கடவுளே நேர்ல வந்து நின்னாலும் ஆதார் கார்டு கேப்பீக" என்பாள் என் மனைவி. கேட்பேன்தான்.

ஓய்வு பெற்ற பிறகு மகள் ஒரு நல்ல செல்போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் மேய்ந்துகொண்டிருந்தபோது ஃபேஸ்புக்கில் ஒரு குழு கண்ணில் பட்டது. கடன், நோட்டீஸ், வாரண்டு, அமீனா என்று மாட்டிக்கொண்டவர்கள் யோசனை கேட்கிற இடம். கேட்கிறவர் ஒருத்தர் என்றால் சொல்கிறவர் நாற்பது பேர். வீட்டை வெளியே பூட்டிவிட்டு உள்ளேயே இருங்கள் என்று ஒருவர் எழுதுவார். நாயை அவிழ்த்துவிடுங்கள் என்பார் இன்னொருவர். வீடியோ எடுத்தால் அமீனா ஓடிவிடுவார் என்று ஒரு மகான் எழுதியிருந்தார். முதலில் சிரிக்கத்தான் அதற்குள் போனேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கென்று ஒரு தனி யோசனை உண்டு. "பொருள ஜீப்புல ஏத்திக் குமுளிக்கு அனுப்பிருங்க. அங்கன கேரளா. நம்ம வாரண்டு செல்லாது." இதை நான் வேலையில் இருந்தபோதே கேட்டிருக்கிறேன். விடிந்ததும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பில், அவர்கள் மடிமேல் கிரைண்டரும் மிக்சியும் மலையேறிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாரண்டை அந்த ஊர்க் கோர்ட்டுக்கு மாற்ற வழி இருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியாது. ஒளித்தது தெரிந்தால் ஜட்ஜுக்கு இருக்கிற கொஞ்சம் இரக்கமும் போய்விடும் என்பதும் தெரியாது. பொறுக்க முடியாமல் நானும் எழுத ஆரம்பித்தேன். என் பேரில் இல்லை. ஒரு செம்பருத்திப் பூ படம், ஏதோ ஒரு பேர். பழைய அமீனா என்று சொன்னால், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்று பேசுவார்கள். எதற்கு வம்பு.

ஒருநாள் மத்தியானம், மூணு மணி இருக்கும், மாதா படம் வைத்திருந்த ஒரு பெண் குழுவில் எழுதியிருந்தாள். "அண்ணனுக்காகப் புரோநோட்டுல கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டல. எம்மேல தீர்ப்பாயிருச்சு. இன்னைக்கு நான் பிளவுஸ் குடுக்கப் போயிருந்தப்ப அமீனா வந்துட்டுப் போயிருக்காக. நாளைக்குக் காலைல வருவேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிருக்காக. எங்கிட்ட இருக்கது ஒரே ஒரு தையல் மிஷினு. அதுலதான் நானும் எம்மகளும் சாப்புடுறோம். என்ன செய்யிறதுன்னு யாராச்சும் சொல்லுங்க." கூடவே ஒரு படம். ஜன்னலோரம் மோட்டார் வைத்த தையல் மிஷின், அதன்மேல் பாதி தைத்த பச்சை பிளவுஸ்.

எனக்குப் பதில் தெரியும். ஜப்தி பண்ணக் கூடாத பொருள்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. சமையல் பாத்திரம், உடுத்துகிற துணி, படுக்கை, தாலி, விவசாயியின் கலப்பை, மாடு, கைத்தொழில் செய்கிறவரின் கருவி. "இது என் தொழில் கருவி, ஜப்தி பண்ணக் கூடாது, என் ஆட்சேபணையை எழுதிக்கொள்ளுங்கள்" என்று அவள் வாசலில் நின்று சொன்னால், விவரம் தெரிந்த அமீனா யோசிப்பார். பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடுவார். நான் அப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதை எழுத ஒரு நிமிஷம் போதும்.

ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பின்னால் சுவரோரமாக இன்னொரு மிஷின் தெரிந்தது. மேலே பழைய சேலை போர்த்தியிருந்தது.

ஒரே ஒரு மிஷின் என்கிறாள், இரண்டு நிற்கிறது. போர்த்தி வேறு வைத்திருக்கிறாள். ஆள் வைத்துத் தைக்கிற கடையோ என்னவோ, நம்மிடம் பாட்டுப் பாடுகிறாள் என்று தோன்றியது. இல்லையென்றால் கடன் கொடுத்தவனே பெண் பேரில் வந்து ஆழம் பார்க்கிறானா? யார் கண்டது! என்னைப் பிடிக்காத பழைய ஆபீஸ் ஆள் யாராவது, நான் அமீனாவுக்கு எதிராக யோசனை சொல்கிறேனா என்று தூண்டில் போடுகிறானோ என்றுகூட நினைத்தேன்.

ஆகவே பதில் சொல்லாமல் தனியாக அவளுக்குக் கேள்வி அனுப்பினேன். மிஷின் யார் பேரில் வாங்கியது? பில் இருக்கிறதா? ஆள் வைத்திருக்கிறீர்களா? வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது? எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் பதில் வந்தது. என் பேர்தான். பில்லு எங்கேயோ கிடக்கிறது. ஆளெல்லாம் இல்லை, நான் மட்டும்தான். முன்ரூமில், ஜன்னல் கிட்ட, ஐயா. எனக்கு என்னவோ ஒரு பரீட்சைப் பேப்பர் திருத்துகிற சுகம் வந்துவிட்டது.

அதற்குள் குழுவில் யாரோ குமுளி யோசனையைச் சொல்லிவிட்டார்கள். அவள் என்னிடம் கேட்டாள். "ஜீப்புல அனுப்பிரட்டுமாய்யா? ஜீப்புக்காரரு ஏத்திக்கிறேன்னுட்டாக." இது போதாதா? ஒளிக்கத் தயாராக இருக்கிறவள் எதைத்தான் ஒளிக்க மாட்டாள் என்று முடிவு கட்டினேன். "அனுப்பாதீங்கம்மா, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்று எழுதினேன். அது சரியான யோசனைதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. "சரிங்கய்யா, நீங்க சொன்னாச் சரி" என்று பதில் வந்தது.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைப் போட்டேன். "படத்தில் இரண்டு மிஷின் தெரியுதே, இன்னொன்று யாருடையது?"

பதில் வரவில்லை. கால் மணி, அரை மணி ஆனது. "மாட்டிக்கிட்டா" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பாவம், என்ன சோலியா இருக்காளோ. கேட்டதுக்குப் பதிலச் சொல்லிட்டுப் போங்களேன். ரெண்டு மிஷினு இருந்தா ஒங்களுக்கென்ன, ஒண்ணு இருந்தா ஒங்களுக்கென்ன?" என்றாள். உனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஜ்ஜி சாப்பிடப் போனேன். கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. நல்ல பசி வேறு.

மறுநாள் காலையில் பேப்பரெல்லாம் படித்து முடித்து, ஒன்பது மணிக்குத்தான் போனை எடுத்தேன். முந்தின நாள் ஏழு மணிக்கே பதில் வந்து கிடந்தது. "மன்னிக்கணும்யா, கரண்டு இல்ல, செல்லு அமந்துபோச்சு. அது எங்கம்மா சீதனமாக் கொண்டாந்த மிஷினு. வீலு ஒடஞ்சு கெடக்கு. தச்ச துணிய அடுக்கி வக்கத்தான் வச்சிருக்கேன். நாளைக்கு அவுக வந்தா நான் என்ன சொல்லணும், சொல்லுங்கய்யா."

அந்தப் பட்டியலை, அவள் சொல்ல வேண்டிய வார்த்தைகளை, ஒன்றுக்குப் பாதி பிழையோடு அடித்து அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டியது. நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை மணிக்கு ஒரு படம் வந்தது. ஜன்னலோரம் காலியாக இருந்தது. மிஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. பச்சை பிளவுஸ் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கீழே எழுதியிருந்தாள்.

"எடுத்துட்டுப் போயிட்டாக. நீங்க எழுதுனத நான் பாக்குறதுக்குள்ள வேன்ல ஏத்திட்டாக. யார் பேர்ல பில்லு, ஆள் வச்சுத் தைக்கிறியா, இன்னொரு மிஷினு யாருது, நீங்க கேட்டதத்தான் அவுகளும் அப்படியே கேட்டாக. நேரா ஜன்னல் கிட்டத்தான் வந்தாக. ஜீப்புல ஏத்த வேணாம்னு சொன்னதும் நீங்கதான். ஐயா, அந்த அமீனா நீங்கதானா?"

எந்த அமீனாவும் அந்தக் கேள்விகளைத்தான் கேட்பார். ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் யாரும் தைக்க மாட்டார்கள் என்பதும் எல்லா அமீனாவுக்கும் தெரியும். இதையெல்லாம் விளக்கி எழுதலாம் என்று பார்த்தேன். "இல்லம்மா" என்று அடித்தேன். அழித்தேன். தாமதமாக வருகிற "இல்லை" எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? வெட்கமாக இருந்தது.

கடைசியில் உள்ளதை எழுதினேன். அந்த அமீனா நான் இல்லை, ஆனால் நானும் அமீனாவாக இருந்தவன்தான் என்றேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஏலம் போடுவதற்குள் கோர்ட்டில் ஒரு மனு போட்டால் மிஷினைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வாங்கலாம், கோர்ட்டிலேயே இலவச சட்ட உதவி இருக்கிறது, என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தருகிறேன் என்று வரி வரியாக அனுப்பினேன். முந்தின நாள் ஒரு வரிக்குக் கஞ்சத்தனம் பண்ணியவன் அன்றைக்கு ஒரு பக்கம் எழுதினேன்.

அவள் எல்லாவற்றையும் படித்தாள். மனுவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"மிஷின எடுக்கக் கூடாதுன்னு நேத்தே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மாதா படம் மறைந்து அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. நான் அதற்கப்புறம் அனுப்பியது எதுவும் போய்ச் சேரவில்லை. மனு போட்டாளா, மிஷின் திரும்பி வந்ததா, எனக்குத் தெரியாது.