ஜீப்பிலிருந்து கொட்டிய ஐஸ்

நான் இருப்பது மலைமேல், நெல்லிவாசல்நாடு. என் மனைவிக்குக் கடல் மீன் என்றால் உயிர். போன மாதம் மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் காணாங்கத்தை மீன் வாங்கினேன். ஐஸ் போட்டுக் கொடுத்தார்கள்.

ஷேர் ஜீப்பில் பை ஒழுகி, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் சாமை மூட்டை நனைந்தது.

"இன்னாண்ணா, சாமைக்கு இப்பவே மீன் கொழம்பு ஊத்துறியா?" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐஸை வெளியே கொட்டிவிட்டேன். நல்ல வெயில். வீடு சேர மூன்று மணி நேரம் ஆனது.

குழம்பு ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் மனைவியின் முகம் சிவந்து வீங்கியது.

"மூச்சு முட்டுதுங்க" என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் தெளிந்தாள்.

"ஐஸ் இல்லாம கெட்டுப்போன மீனு. வேக வெச்சாலும் அந்த விஷம் போவாதுங்க" என்றார் நர்ஸ்.

இப்போது மூடி போட்ட பக்கெட்டில் ஐஸோடு மீன் கொண்டுவருகிறேன். வீட்டில் மூடியைத் திறக்கும்போது ஐஸ் இல்லையென்றால், அன்று குழம்பும் இல்லை.