சிந்தாமணி அக்காவின் வெள்ளைப் புடவை

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சிந்தாமணி அக்கா கட்டைப்பைக்குள் கையை விட்டு, உள்ளே இருக்கிற வெள்ளைப் புடவையை இன்னும் ஆழமாக அமுக்குவார். மேலே நாலு முருங்கைக்காயும் ஒரு துண்டும் போட்டு மூடியிருந்தாலும் திருப்தி இருக்காது. ஜெயங்கொண்டத்தில் ஏறி தா.பழூர் வருவதற்குள் எப்படியும் பத்துத் தடவை அமுக்கிவிடுவார். "வெளிய தெரியுதா டீச்சர்?" என்று என்னிடம் வேறு கேட்பார். கள்ளக்கடத்தல் செய்கிறவர்கள்கூட இவ்வளவு பதற மாட்டார்கள்.

தா.பழூருக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையோரம் தகரக் கூரை போட்ட சின்ன புத்த விகாரை ஒன்று இருக்கிறது. பௌர்ணமிதோறும் அங்கே மகளிர் சங்கம் கூடும். இருபது பெண்கள். கூட்டிப் பெருக்கிச் சமைப்பார்கள். வந்திருக்கும் பிக்கு சொல்லச் சொல்ல, கொல்ல மாட்டேன், பொய் பேச மாட்டேன் என்று ஐந்து உறுதிமொழிகளைத் திருப்பிச் சொல்வார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் கிடக்கிற பெண்களுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார்கள். அன்றைக்கு எல்லோரும் வெள்ளை கட்டுவது வழக்கம்; அக்கா அங்கே போய்த்தான் மாற்றிக்கொள்வார். நான் சாப்பாட்டுக்காகப் போக ஆரம்பித்தவள். என்னிடமும் இப்போது ஒரு வெள்ளைப் புடவை இருக்கிறது.

ஆனால் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஒருத்தி வெள்ளை கட்டுவதாவது! நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தந்தான். அக்கா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். புடவை வாங்கிய வாரமே, வெள்ளிக்கிழமை பார்த்து சிறுவாச்சூர் போய், மதுரகாளி காலடியில் அதை வைத்து வாங்கி வந்தார். தட்டில் வெள்ளைப் புடவையைக் கண்டு பூசாரி திருதிருவென்று விழித்தாராம். "ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா தப்பில்லல்ல டீச்சர்?" புத்தரிடம் போவதற்குக் காளியிடம் அனுமதி.

அதோடு விட்டாரா? கொசுவத்துக்குள் மறைகிற ஓரத்தில் நகத்தளவு மஞ்சள் தடவி வைத்திருப்பார். துவைத்தால் வெளிறிவிடும், அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி தடவுவார். புதுத்துணிக்குத்தானே மஞ்சள் வைப்போம்? அக்காவின் புடவை இரண்டு வருஷமாகப் புதுசாகவே இருக்கிறது.

போன சித்திரைப் பௌர்ணமியன்று அந்த மஞ்சளும் கைகொடுக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் கலையரசன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அன்று டயர் வெடித்து லாரி பள்ளத்தில் இறங்கி, நெற்றியில் ஐந்து தையல். அக்கா பயந்துபோய்ப் புடவை விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டார். "டயரு வெடிச்சதுக்குப் பொடவ என்னாடி பண்ணும்?" என்று அவர் சிரித்துவிட்டார். மாமியார் சம்பூர்ணம் சிரிக்கவில்லை. "வெள்ளையக் கட்டிக்கிட்டு நின்னா வேற என்னா நடக்கும்?"

அந்த ஒரு மாதமும் அக்கா குழம்பிய குழப்பம் கொஞ்சமல்ல. "விகாரையில ஆசப்படாதங்கறாங்க. வூட்டுக்காரரு நல்லாருக்கணும்னு நெனக்கிறது ஆசையா டீச்சர்?" பதினைந்து வருஷம் கணக்குப் பாடம் நடத்துகிறேன். இப்படி ஒரு கணக்கு எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை.

வைகாசிப் பௌர்ணமி, புத்தர் பிறந்த நாள் வந்தது. கலையரசன் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தார். அக்கா பையையே திறக்கவில்லை. சிவப்புப் புடவையும் காலணா அகலக் குங்குமமுமாகப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் அகல்விளக்குத் தட்டை ஏந்தி, ஊர் அரசமரம் வரைக்கும் நடக்க வேண்டும். பெரிய பித்தளைத் தட்டு. போன இரண்டு வருஷமும் சிந்தாமணி அக்கா ஒரு பக்கமும் சசிகலா மறுபக்கமும் பிடித்தார்கள். சசிகலாவுக்கு முப்பத்தொரு வயது. புருஷன் இறந்து மூன்று வருஷமாகிறது. சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே அவளைச் சமையல்கட்டோடு நிறுத்திவிட்டார்கள். "இங்கன வந்தா எல்லாரும் வெள்ள. யாரு எப்புடின்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்ல டீச்சர்?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அதற்காகத்தான் ஒரு பௌர்ணமிகூடத் தவறாமல் வருகிறாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் வாசலில் நின்றார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மாள் நின்று, எங்கள் வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிந்தாமணி அக்காவின் தாலியையும் குங்குமத்தையும் பார்த்து மனநிறைவோடு சொன்னாள். "பரவால்ல, ஒரு கட்டுக்கழுத்தியாச்சும் முன்னால போவுது."

சசிகலா தட்டிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க போங்கக்கா" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆட்டுக்கார அம்மாளை இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் சிந்தாமணி அக்கா தட்டை என் கையில் திணித்தார். "செத்த புடிங்க."

பையை எடுத்துக்கொண்டு விகாரைக்குப் பின்னால் போனார். ஐந்து நிமிஷத்தில் வெள்ளைப் புடவையில் வந்தார். சமையலுக்கு வைத்திருந்த மஞ்சள்தூளை உள்ளங்கையில் குழைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வழக்கப்படி விரலில் தொட்டு, கொசுவத்தின் ஓரத்தை விலக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். தூத்துக்குடி ரோட்டை நினைத்தாரோ என்னவோ.

பிறகு நிமிர்ந்து, வரிசையின் கடைசிக்கு நடந்தார். "தப்பா சரியான்னு எனக்கு ஒண்ணும் புரியல புள்ள" என்றார். சசிகலாவின் முந்தானை நுனியைப் பிடித்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மஞ்சளைத் தடவினார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

உள்ளங்கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அக்கா தன் முந்தானையையும் முன்னால் இழுத்து, அதே இடத்தில், அதே அளவுக்கு ஒற்றிக்கொண்டார்.