அங்குலத்துக்குப் பதினொரு தையல்: கட்கியில் ஒரு பரிசோதனை

புனே போகிறேன், அங்கே தோல் கைப்பை வாங்கலாமென்று இருக்கிறேன், நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது என ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தால் 1985 பிப்ரவரியில் நான் போன புனேதான் முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மெட்ராஸ் பெரியமேட்டில் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில், தைத்து வரும் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் பாஸ் செய்து அனுப்பிய சரக்கு கப்பலில் திரும்பி வந்ததால் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. ஆகவே அதன் நுனியில்தான் உட்காருவேன்.

புனேயை ஒட்டிய கட்கியில் ஒரு தமிழ் அம்மாள் அறுபது கைப்பைகள் தைத்து முடித்திருந்தார். அவற்றை மாதிரிப் பையோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்றோ தள்ளுபடி என்றோ நான் எழுத வேண்டும். தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. நான் போய்ச் சேர்ந்த மறுநாளே காலை ஆறு மணிக்குப் பம்பாய் துறைமுகத்துக்கு லாரி.

மெட்ராஸிலிருந்து புனே ஏறக்குறைய ஆயிரத்துத் தொண்ணூறு கிலோமீட்டர். காலை பத்து மணிக்குக் கிளம்பிய வண்டி மறுநாள் ஒன்பதேகாலுக்குக் கொண்டுபோய் விட்டது. இரண்டாம் வகுப்பு டிக்கெட் எண்பத்தாறு ரூபாய் என்று ஞாபகம். சரக்கை வாங்கவிருந்த இத்தாலிக்காரர் அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்த மாதிரிப் பை என் தலைக்கு அடியில் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போகப் பயந்து குண்டக்கல்லில் காபிக்குக்கூட இறங்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

ஸ்டேஷனிலிருந்து கட்கி ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எட்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, பஜாருக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். தையற்கூடத்துக்குச் சொந்தக்காரரான ரோஸ்மேரி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். பூர்வீகம் வேலூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்ததெல்லாம் கட்கி. அவரிடம் நான்கு பெண்கள் வேலை செய்தார்கள். ஏற்றுமதிச் சரக்கு அவருக்கு அதுதான் முதல்.

"வா மா, வா. மொதல்ல சாய் குடி, அப்புறமா பாரு. பக்கா மால் மா, ஒரு டாங்கா கூட கோணல் இருக்காது" என்றார். மால் என்றால் சரக்கு, டாங்கா என்றால் தையல்.

பார்த்தேன். உள்துணி சுருக்கமில்லை. ஓரங்களை வழவழவென்று தேய்த்து மெழுகு பூசியிருந்தார்கள். ஜிப் கடைசிவரை சிக்காமல் ஓடியது. கைப்பிடியைப் பையோடு பிணைக்கும் சின்னத் தோல் துண்டைக் 'காது' என்போம். அந்தக் காதில் கையாலேயே போட்ட தையல், எழுதி வைத்ததுபோல் நேராக இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அக்கா, மாதிரியை விட உங்களோடது நல்லா இருக்கு!" என்று சத்தமாகவே சொன்னேன். உள்ளே நான்கு பெண்களும் கைதட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது.

மத்தியானம் பருப்பும் பாக்ரி என்கிற சோள ரொட்டியும் சாப்பிடும்போதுதான் சந்தேகம் தட்டியது. மாதிரியை விட நன்றாக இருக்கிறது என்றால், மாதிரியைப் போல இல்லை என்றுதானே அர்த்தம்? பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு அளவுகோலை வைத்து எண்ணினேன். மாதிரியின் காதில் அங்குலத்துக்கு ஏழு தையல். இவற்றில் பதினொன்று.

"ஏன்கா இவ்ளோ நெருக்கமா?"

"ஃபாரின்காரன் கையில போற மால் மா. ஏழு போட்டா தூரத்தூரமா தெரியுது. நெருக்கமா போட்டாத்தானே அழகு? ஒரு பைக்கு ரெண்டு மணி நேரம் ஜாஸ்தி ஆச்சு. ஆவட்டும்னு போட்டேன்."

அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் கூலி கேட்கவில்லை. அதுதான் என்னை வாட்டியது. ஒவ்வொரு தையலும் தோலில் ஒரு ஓட்டை. மாட்டுத் தோல் தாங்கலாம். இது மெல்லிய ஆட்டுத் தோல். ஓட்டைகள் நெருங்கினால், கனம் ஏறியதும் தபால் தலையைக் கிழிப்பதுபோல் வரிசையாகக் கிழியும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

சந்தேகம் வந்தால் பன்னிரண்டு கிலோவை மூன்று மணி நேரம் தொங்கவிட வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. பக்கத்து மளிகைக் கடையில் எடைக்கல் வாங்கி வந்து, ஒரு பையில் போட்டு, ஒன்றரை மணிக்கு உத்தரத்தில் மாட்டினோம். கிழியக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். கிழியாமல் இருந்துவிட்டு, பிறகு யார் தோளிலோ கிழிந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம் கவலைப்பட்டேன். இரண்டு மணிக்கு ஒன்றுமில்லை. மூன்று மணிக்கும் ஒன்றுமில்லை. நாலு மணிக்கு அக்கா முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. நாலேகாலுக்குப் பட்டென்று ஒரு சத்தம்.

காது தையலோடு நேராகக் கிழிந்து, பை தரையில் கிடந்தது.

"இன்னொண்ணு மாட்டு" என்றார் அக்கா. அது இருபது நிமிடம்கூட நிற்கவில்லை.

நான் பேனாவைத் திறந்தேன். காலையில் புகழ்ந்த அதே வாயால் எதைச் சொல்வது என்று தெரியாமல் அழுகை வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு மா, நீ எழுதாத. எழுதுனா நான் உன் கால்ல வுழுவேன், நீயும் எரங்கிப் பாஸ் பண்ணிடுவ. ரெண்டு பேருக்குமே அது நல்லதில்ல." கத்தியை எடுத்து, மீதி ஐம்பத்தெட்டுப் பைகளின் காதுகளையும் அவரே ஒவ்வொன்றாக அறுத்துப்போட்டார். "பஸ், போதும் மா. இனி எனக்கு மனசு மாறாது. காது மட்டும் புதுசா, கொஞ்சம் அகலமா வெட்டி, பழைய ஓட்டைக்கு வெளிய ஏழு ஏழா போட்டுத் தர்றேன்."

சரி, தள்ளுபடி என்று இரண்டு வார்த்தைகள்தான் படிவத்தில் இருந்தன. இரண்டையும் அடித்துவிட்டு, 'செய்தவரே நிறுத்திக்கொண்டார்' என்று எழுதினேன். லாரி காலியாகவே போனது. ஊர் திரும்பியதும் முதலாளி அரை மணி நேரம் கத்தினார். அப்புறம் அகலக் காதுக்கு இத்தாலிக்காரரிடம் சம்மதம் வாங்கி, அடுத்த கப்பலுக்கு ஏற்பாடு செய்தார்.

வாசகிக்கு என் பதில் இதுதான். பகல் வெளிச்சத்தில் போங்கள். வாசனையை நம்பாதீர்கள், அதைப் புட்டியிலும் விற்கிறார்கள். ஜிப்பை நாலு தடவை இழுங்கள், உள்துணியில் கை விட்டு மூலை வரை தடவுங்கள், ஓரங்களை நகத்தால் சுரண்டுங்கள். கைப்பிடி சேருமிடத்தில் தையலை எண்ணுங்கள். மெல்லிய தோலுக்கு ஏழெட்டு போதும். பதினொன்று என்றால் கடைக்காரர் முன்னாலேயே இரண்டு தண்ணீர் பாட்டிலைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கட்கி போனேன். அறுபது பைகளும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. பக்கத்தில் அளவுகோலும் எடைக்கற்களும் தயாராக வைத்திருந்தார் அக்கா. "எண்ணிப் பாரு மா" என்றார். பேனாவைத் திறந்தேன். ஒரு பையைக்கூட எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் பத்தொன்பது வருடம் அதே வேலையில் இருந்தேன். அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.