மதுரையிலிருந்து எழுதிய அஞ்சலட்டை

இலங்கையில் அட்டனுக்கு அருகே தேயிலைத் தோட்டப் பாடசாலைத் தலைமையாசிரியனாக, கல்லூரியில் கற்றவன் என்ற மதிப்போடு வாழ்ந்தவன் நான். பிறந்ததும் இத்தோட்டத்திலேயே. முதன்முறையாக மதுரையில் இறங்கியபோது, வீதியெங்கும் தமிழ் ஒலிக்கக் கேட்டு நெகிழ்ந்து, "சொந்த ஊர் வந்து சேர்ந்தேன்" என மனைவிக்கு அஞ்சலட்டை எழுதினேன். அன்று மாலையே விடுதி மேலாளர், "சிலோன்காரரா? ஊருக்கு எப்ப திரும்புறீங்க?" என்று கேட்டார்.

பின்னர் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு நான் கொடுத்த மனுவின் விசாரணையில் அந்த அட்டை வாசிக்கப்பட்டது. "சொந்த ஊருக்குப் போய்ச் சேந்துட்டீங்களே மாஸ்டர், பிறகு இங்க என்ன பிரஜாவுரிமை?" என்றார் மொழிபெயர்ப்பாளர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இன்று நான் எந்நாட்டுக்கும் உரியவன் அல்லேன். கடிதங்களில் இப்போது நலம் மட்டுமே எழுதுகிறேன்.

தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணிதான் அட்டையைக் காட்டிக்கொடுத்தார் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வது பொய். நான் மதுரைக்குப் போனது குடியேற அல்ல, பதினொரு நாள் பயணந்தான் என்பதற்கு அஞ்சல் முத்திரைத் தேதி ஆதாரமாகும் என்று நம்பி, அதை மனுவோடு இணைத்தவன் நானே.