நாலாவது கரண்டி

எங்கள் வீட்டுக் காபிக்கு ஒரே கணக்குதான். ஆளுக்கு ஒரு கரண்டி தூள், ஆளுக்கு அரைத் தம்ளர் வெந்நீர். பித்தளை பில்டரில் நாலு கரண்டி தூளைப் போட்டு லேசாகத் தட்டிவிட்டு, அம்மா இரண்டு தம்ளர் வெந்நீரை ஊற்றுவாள். டிகாக்‌ஷன் இறங்குவதற்கும், இராஜபாளையத்து நூல் மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து அப்பா வருவதற்கும் சரியாக இருக்கும். அப்பா, அம்மா, அக்கா, நான். எனக்குப் பால் தூக்கலாக, பேருக்குத்தான் காபி.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டாள். அவர் வேறு சாதி. மனிதரெல்லாம் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்த வீடுதான் எங்களுடையது. டவுன் பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரத் தூரம்தான். ஆனால் அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ராத்திரி ஜெபத்தில் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுகிறவர், என் பெயருக்கு முன்னால் சற்று நிறுத்துவார். பிறகு அவசரமாக என்னைச் சொல்லி ஆமென் போட்டுவிடுவார். அக்கா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவேயில்லை.

அவள் போன மறுநாளும் அம்மா நாலு பேருக்கே காபி போட்டாள். மீந்த தம்ளரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் கறுத்தது.

"ஏட்டி, யாருக்கு இது?" என்று கேட்டவர், அதை எடுத்துக்கொண்டுபோய் வாசல் சாக்கடையில் கொட்டினார்.

அதற்குப் பிறகு அம்மா வெந்நீரைக் குறைத்துக்கொண்டாள். தூளைக் குறைக்கவில்லை. மூன்று பேர் தண்ணீரில் நாலு பேர் தூள். தம்ளர் என்னவோ மூன்றுதான் வந்தது, யாரும் குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் காபி நாக்கில் ஒட்டிக்கொண்டு கசந்தது. நான் முகத்தைச் சுளித்தால் அம்மா இன்னும் கொஞ்சம் சீனி போடுவாள். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற அப்பா, அந்தக் கசப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைப்பார். மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று தின்று அவருக்கு நாக்கு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் படுத்தாள். காபி என் பொறுப்பானது. ஸ்டூல்மேல் ஏறி நின்று மூன்று கரண்டி தூள், ஒன்றரைத் தம்ளர் வெந்நீர் என்று அளவு பிசகாமல் போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு காபி காபியாக இருந்தது. அப்பா பாராட்டுவார் என்று பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். "எத்தனை கரண்டி போட்ட?"

"மூணுப்பா. நம்ம மூணு பேருதான?"

"உங்கம்மா நாலுல்லா போடுவா? அம்புட்டே போடு. கொறைக்காத."

பாயில் கிடந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது. குளிரில் நடுங்குகிறாளே என்று இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டேன்.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா பில்டரில் வழக்கம்போல நாலு கரண்டி தூளைத் தட்டி வைத்துவிட்டு வெந்நீரைக் கையில் எடுத்தபோது, வாசலில் நிழல் தட்டியது.

அக்கா. தோளில் ஒரு துணிப்பை, முகமெல்லாம் வியர்வை. படியேறி வந்து நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். போ என்று அப்பா சொன்னால் அப்படியே திரும்பிவிடத் தோதாகச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா வெந்நீரும் கையுமாக அசையாமல் நின்றாள். சாக்கடையில் கொட்டிய காபி எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பா அக்காவின் செருப்பைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, தண்ணியக் கூட்டி ஊத்து."

அம்மா ஊற்றியதில் கொஞ்சம் வெந்நீர் பில்டருக்கு வெளியே சிந்தியது; மறுபடி அளந்து இரண்டு தம்ளரும் நிறைய ஊற்றினாள். அக்கா செருப்பைக் கழற்றினாள்.

அன்றைக்குக் காபி கசக்கவில்லை. அப்பாவுக்கு ஒருவழியாக நாக்கு சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.